சும்மா கிடக்கும் கம்பியில் வோல்ட் எங்கிருந்து வந்தது?

சென்சார் கம்பியைக் கழற்றியாச்சு. ஆனாலும் கண்ட்ரோலரின் அனலாக் இன்புட்டில் மீட்டர் வைத்தால் 1.8 வோல்ட் டிசி காட்டுது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவர்களிடம் இப்படி ஒரு கதை நிச்சயம் இருக்கும். "கார்டு போச்சு, மாத்திடு" என்பதுதான் முதலில் வரும் தீர்ப்பு. எனக்கு அதில் எப்பவுமே சந்தேகம். இந்த அழையா விருந்தாளி வோல்ட், கண்ட்ரோலரை விட நூறு வருஷம் மூத்தது.

முதலில் மாட்டியவர்கள் தந்திக்காரர்கள். 1838-ல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல், மின்சாரம் திரும்பி வரத் தனிக் கம்பி வேண்டாம், பூமியே போதும் என்று காட்டினார். பாதிக் கம்பி மிச்சம். ஆனால் பூமி எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. 1859 செப்டம்பரில் சூரியப் புயல் அடித்தபோது, அமெரிக்காவில் பாஸ்டன் - போர்ட்லண்ட் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பூமியில் ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். அதே புயலை பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியும் பதிவு செய்தது.

அடுத்து நம்ம ஊர். 1895-ல் சென்னையில் மின்சார டிராம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. 1931-ல் பீச் - தாம்பரம் ரயில் 1500 வோல்ட் டிசியில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் வழியே திரும்பும் டிசி முழுவதும் தண்டவாளத்தோடு நிற்காது. மண்ணிலும் குடிநீர்க் குழாயிலும் இறங்கி, வெளியேறும் இடத்தில் இரும்பைத் தின்னும். அதனால்தான் பிரிட்டனில் டிராம் தண்டவாளத்தின் இரு புள்ளிகளுக்கிடையே 7 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று விதியே போட்டார்கள். 'எர்த்' என்றால் பூஜ்யம் என்ற நம்பிக்கை அப்போதே உடைந்துவிட்டது.

ஆலைக் கருவிகள் இதற்கு ஒரு அழகான பதில் கண்டன. காற்றழுத்தக் கருவிகளின் சிக்னல் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை. மின்சாரத்துக்கு மாறியபோது அது 4 முதல் 20 மில்லியாம்பியர் ஆனது. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? அளவு பூஜ்யமானாலும் 4 மில்லியாம்பியர் ஓடும். கம்பி அறுந்தால் மட்டும்தான் உண்மையான பூஜ்யம் வரும். 'காலி'க்கும் 'செத்துப்போச்சு'க்கும் வித்தியாசம் தெரியும். 250 ஓம் ரெசிஸ்டரில் இது 1 முதல் 5 வோல்ட்.

இப்போ அந்த 1.8 வோல்ட்டைப் பாருங்க. கண்ட்ரோலருக்கு அது 20 சதவீத அழுத்தம். அதாவது அறுந்த கம்பி, உயிரோடு இருக்கும் சென்சார் போல நடிக்கிறது. அந்த 4 மில்லியாம்பியரின் முழுப் பயனும் போச்சு.

நான் பார்க்கும் வரிசை இது. கம்பியைக் கழற்றிய பிறகும் வோல்ட் இருந்தால், சப்ளையை நிறுத்திவிட்டு டெர்மினலில் ஓம் அளக்கணும். 250 வரவில்லை என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம், அல்லது சேனல் வோல்டேஜ் முறையில் இருக்கலாம். அப்படித் தொங்கும் இன்புட்டில் கார்டின் உள்சுற்றே கொஞ்சம் வோல்ட்டை ஏற்றிவைக்கும். வெளியே ஒரு 250 ஓம் ரெசிஸ்டரைக் கட்டினால் அது சரிந்துவிடும். உப்புக்காற்றில் ஈரமான ஜங்ஷன் பாக்ஸும் செம்பு, ஈயப்பூச்சு, உப்புநீர் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரிதான். ஆனால் பலம் குறைவு. அதுவும் பெரும்பாலும் இதே சோதனையில் அடங்கிவிடும்.

கம்பியை மாட்டினால்தான் வோல்ட் வருது, ரெசிஸ்டர் கட்டியும் அடங்கலையா? அப்போது நிஜமாகவே மின்சாரம் ஓடுது. ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்திருக்கிறார்களா என்று பார்க்கணும். ஃபீல்டு எர்த்துக்கும் பேனல் எர்த்துக்கும் நடுவே உள்ள வோல்ட்டையும் அளக்கணும். வித்தியாசம் இருந்தால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கட்டி, ஐசொலேட்டர் போடுவதுதான் வழி. கார்டை மாற்றினால் புதுக் கார்டும் அதையேதான் காட்டும்.

இது வெறும் பேனல் சமாச்சாரம் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். இப்படிப்பட்ட குழாய்களுக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருக்கும் ஊரில், அழுத்தம் இறங்கியதை முதலில் அறிவது ஒரு அனலாக் இன்புட்தான். அந்த எண் பொய் சொன்னால், குப்பத்து மக்களுக்கு மூக்குதான் அலாரம்.