விழித்திரை விலகலும் காலமும்: பசியாவரத்தை முன்வைத்து

விழித்திரை விலகலைக் கண் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை சார்ந்த சிக்கலாகவே பேசுகின்றன. பழவேற்காடு ஏரியின் தீவுக் கிராமமான பசியாவரத்திலிருந்து பார்த்தால் அது முதன்மையாகக் காலம் சார்ந்த சிக்கல். அந்தக் காலத்தை நோயாளிக்கு மீட்டுத் தரும் பொறுப்பு கிராமச் சுகாதார அமைப்பைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தமக்கான ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் பின்னாலுள்ள கோராய்டு என்னும் இரத்தநாளப் படலத்திலிருந்து பெறுகின்றன. வயது ஏற ஏற, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ் நீர்த்துச் சுருங்கித் திரையை இழுக்கிறது. இழுபட்ட இடத்தில் கிழிசல் விழுந்தால், அதன் வழியே நீர் புகுந்து திரையைப் பின்னாலுள்ள படலத்திலிருந்து பெயர்த்துவிடும்; இதுவே விழித்திரை விலகல். கிட்டப்பார்வை மிகுந்தோர், கண்ணில் அடிபட்டோர், கண்புரை அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து கவியும் நிழல் ஆகியவை அறிகுறிகள். வலி இராது, கண் சிவக்காது.

தீராத நோய் என்று ஒருகாலத்தில் கைவிடப்பட்ட இதற்கு, சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனான் 1920களில் வழி கண்டார். கிழிசலே காரணம், அதை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்று நிறுவினார். பாஸ்டனில் சார்லஸ் ஷெப்பன்ஸ் கண்ணின் வெளிச்சுவரில் பட்டை பொருத்தும் ஸ்கிலீரல் பக்கிள் முறையை வளர்த்தார். 1970இல் ராபர்ட் மாக்கெமர் விட்ரியஸ் கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவையைத் தொடங்கினார். ஷெப்பன்ஸிடம் பயின்ற எஸ். எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையோ 1819இல் தொடங்கியது. ஆக, பசியாவரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உலகத் தரமான விழித்திரை மருத்துவம் இருக்கிறது.

ஆனால் அதன் பயன் நாட்களைப் பொறுத்தது. கிழிசலாக இருக்கும்போதே வந்தால் லேசர் போதும். நீர் புகுந்தபின் அறுவை தேவை. நடுப்பார்வைக்குரிய மாக்குலா ஒட்டியிருக்கும்போது அன்றோ மறுநாளோ அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் காக்கப்படும். மாக்குலா பெயர்ந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் செய்தாக வேண்டும். வாரங்கள் கடந்தால் திரையின் மேல் வடுத்திசு படர்ந்து அதைச் சுருட்டிவிடும். பிறகு கண்ணுக்குள் நிரப்பும் சிலிகான் எண்ணெயும் மறு அறுவையும் வேண்டியிருக்கும். அப்போது திரை ஒட்டினாலும் பார்வை முழுதாகத் திரும்புவதில்லை.

நெடுங்காலம் படகையே நம்பியிருந்த ஊரில் இந்த நாட்கள் எளிதில் கரைகின்றன. ஏரி நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலால்தான் கண் கூசுகிறது என்று மீனவர் எண்ணக்கூடும். ஒரு கண்ணில் விழும் நிழலை மறு கண் ஈடுசெய்துவிடும். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் உண்டு. தன் முறை வரும் நாளில் வலியில்லாத கண்ணுக்காக வேலையை விடுவது எளிதன்று. நம் பொதுக் கண் மருத்துவமோ 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் முதலே கண்புரையை மையமாகக் கொண்டு, முகாம்களின் வழியே வளர்ந்தது. கண்புரை அடுத்த முகாம்வரை காத்திருக்கும். விழித்திரை காத்திருக்காது.

ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்காகச் சிற்றூரில் ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். அரிதாக வருவதால்தான் அங்குள்ள செவிலியருக்கு அது அனுபவத்தில் பழகுவதில்லை. அந்தக் குறையை வகுத்த நெறிமுறைதான் நிரப்ப முடியும். செலவும் மிகக் குறைவு. 2021 முதல் வீடுதோறும் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: கண்ணில் ஒளி வெட்டுகிறதா, கரும்புள்ளிகள் திடீரென மிதக்கின்றனவா, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மறு கண்ணில் நிழல் தெரிகிறதா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் அன்றே எழும்பூருக்கு அனுப்ப வேண்டும். கண்ணில் தூண்டில் குத்திய காயத்துக்கும் நீரிழிவால் கண்ணுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவுக்கும் இதே பாதை உதவும்.

அறுவை முறையைத் தேர்வதிலும் நோயாளியின் வாழ்நிலை எண்ணப்பட வேண்டும். திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினால் தலையைக் குறித்த நிலையில் நாட்கணக்கில் வைத்திருக்க வேண்டும். எண்ணெய் நிரப்பினால் அதை எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு அறுவை வேண்டும். இயற்கை வில்லை உள்ள இளம் மீனவருக்குக் கண்நிலை இடம்தருமானால், இவ்விரண்டும் பெரும்பாலும் தேவைப்படாத பக்கிள் முறையே முதலில் கருதத்தக்கது.

மருத்துவ அறிவு குறைந்ததால் பார்வை போன காலம் முடிந்துவிட்டது. இனி ஒரு மீனவர் இந்நோயால் தாமதமாக வந்து பார்வையிழந்தால், அது அனுப்பிவைக்கும் ஏற்பாட்டின் தோல்வி என்றே பதிவாக வேண்டும்.