தல்ஹைமின் சூரிய ஆலை

2000 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 50.6 யூரோ சென்ட் விலை கட்டியது. அந்த விலைக்கு 20 ஆண்டு உத்தரவாதமும் தந்தது. ஹெர்மன் ஷேர், ஹான்ஸ்-யோசஃப் ஃபெல் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்காக முன்னின்று உழைத்தார்கள். பணம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை. மின்சாரம் வாங்கும் எல்லாருடைய கட்டணத்திலும் சேர்த்து வசூலிக்கப்பட்டது.

2004 திருத்தம் சிறிய கூரைகளுக்கான விலையை 57.4 சென்டாக உயர்த்தியது. அப்போது ஒரு குடும்பம் வாங்கிய மின்சாரமோ யூனிட் 18 சென்ட் அளவில்தான் இருந்தது. அதனால் வீட்டில் இரண்டு மீட்டர் ஓடின. கூரையில் விளைந்தது முழுவதும் ஒரு மீட்டர் வழியாக விலைபோனது; அடுப்புக்கும் விளக்குக்கும் வேண்டியது மற்றொன்றின் வழியாக வந்தது. வருமானம் உறுதியாக இருந்ததால் வங்கிகளும் கடன் கொடுத்தன.

சூரியத் தகடுகளுக்கு இப்படி எழுந்த தேவையை நம்பி வளர்ந்த நிறுவனங்களில் பெரியது கியூ-செல்ஸ். 1999-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பிட்டர்ஃபெல்டை அடுத்த தல்ஹைமில் ஆலை அமைத்தது. பழைய கிழக்கு ஜெர்மனியின் ரசாயன ஆலைகளும் வோல்ஃபன் ஃபிலிம் தொழிற்சாலையும் நொடித்துப்போய், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்த வட்டாரம் அது. அங்கே வேலை திரும்பி வந்தது சாதாரண விஷயமல்ல. 2005-இல் பங்குச் சந்தைக்கு வந்த கியூ-செல்ஸ், 2007-இல் ஜப்பானின் ஷார்ப்பை முந்தி உலகின் மிகப்பெரிய சூரிய மின்கல உற்பத்தியாளர் ஆனது.

ஆனால் சட்டம் விலை கொடுத்தது மின்சாரத்துக்கு. தகடு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அது கேட்கவில்லை. தகடு தட்டுப்பாடாக இருந்தவரை மானியத்தின் பெரும்பங்கு உற்பத்தியாளரின் லாபமாக மாறியது. அந்த லாபம் சீனாவிலும் ஆலைகளை எழுப்பியது. அவற்றுக்குச் சீன அரசு வங்கிகள் தாராளமாகக் கடன் அளித்தன. 2008-இல் ஸ்பெயின் தன் சூரிய மின்சார மானியத்துக்கு உச்சவரம்பு விதித்ததும் ஒரு பெரிய சந்தை ஒரேயடியாகச் சுருங்கியது. அதே ஆண்டில் கிலோ 400 டாலரைத் தாண்டியிருந்த, மின்கலங்களின் மூலப்பொருளான பாலிசிலிக்கான், அடுத்த ஆண்டு 100 டாலருக்கும் கீழே போனது. விலை உச்சத்தில் இருந்தபோது அந்த மூலப்பொருளை வாங்க நீண்டகால ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. கியூ-செல்ஸ் 2009-இல் 100 கோடி யூரோவுக்கு மேல் நட்டம் காட்டியது.

ஜெர்மனியில் கூரைகள் நிறைந்துகொண்டேதான் இருந்தன. 2010 முதல் 2012 வரை ஆண்டுக்கு 7,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டது. தகடு மலிந்த வேகத்துக்கு ஈடாக அரசு கொள்முதல் விலையைக் குறைத்தது, 2012-இல் அது 20 சென்டுக்கும் கீழே இறங்கியது. மலிவான தகடு கிடைக்க வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கம் நிறைவேறியது; அதற்கான விலையைத் தல்ஹைமின் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். 2012 ஏப்ரலில் கியூ-செல்ஸ் திவால் மனு அளித்தது. அதே ஆண்டில் தென்கொரியாவின் ஹன்வா அதை வாங்கியது. 2015-இல் தல்ஹைமின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சிப் பிரிவு அங்கேயே தங்கியது.