குதிரையின் மேல் ஏற்றிய சுமை: ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லும் ஒரு தாயின் சேணமும்

(நீண்ட பதிவு. மொழியியல், சட்டம், மகளிர் வரலாறு பயிலும் நண்பர்களுக்குப் பயன்படலாம்.)

ஹைதராபாத்தின் மலக்பேட்டைப் பந்தயத் திடலில் ‘ஹேண்டிகேப்’ என்பது ஓட்டத்தின் வகையைக் குறிக்கும் சொல். அதே நகரின் மறுபக்கம், செகந்திராபாத்தில் 1984இல் தொடங்கப்பட்ட ஒரு தேசிய நிறுவனம், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கானது, நெடுங்காலம் தன் பெயரிலேயே ‘ஹேண்டிகேப்ட்’ என்ற சொல்லைத் தாங்கியிருந்தது. பிற்காலத்தில் அப்பெயர் மாற்றப்பட்டது. ஒரே நகரில் ஒரே சொல் குதிரைக்கும் மனிதருக்கும் வழங்கியிருக்கிறது. இதை ஒலியொப்புமை என்று தள்ளிவிட முடியாது. இரண்டும் ஒரே வேரினின்று வந்தவை. அந்த வேர் ஒரு விளையாட்டு.

இச்சொல்லுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பிறப்புக்கதை வேறு. போரில் உறுப்பிழந்தோர் தொப்பியைக் கையிலேந்தித் தெருவில் இரந்தனர், அதனால் ‘தொப்பியும் கையும்’ சேர்ந்து இச்சொல் உண்டாயிற்று என்பார்கள். கருத்தரங்குகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்போர் உள்ளத்தைத் தொடும் கதைதான். ஆனால் சொற்பிறப்பியல் சான்று அதற்கு இல்லை.

சான்று உள்ள வரலாறு இது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘தொப்பிக்குள் கை’ என்றொரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. ஒருவரிடம் ஒரு மேலங்கி, மற்றவரிடம் ஒரு கத்தி. இருவரும் மாற்றிக்கொள்ள விரும்புகின்றனர். மதிப்போ சமமன்று. மூன்றாமவர் ஒருவர் நடுவராகி, குறைந்த மதிப்புள்ள பொருளைத் தருபவர் மேற்கொண்டு எவ்வளவு பணம் சேர்க்க வேண்டும் என்று அறிவிப்பார். மூவரும் முன்கூட்டியே ஒரு சிறுதொகையைத் தொப்பிக்குள் இட்டிருப்பர். இருவரும் தொப்பிக்குள் கையை நுழைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, இசைவையோ மறுப்பையோ கையாலேயே காட்டுவர். இருவரும் இசைந்தாலும் இருவரும் மறுத்தாலும் தொப்பியிலுள்ள பணம் நடுவருக்கு. ஒருவர் இசைந்து மற்றவர் மறுத்தால் இசைந்தவருக்கு. ஒருவருக்குச் சாதகமாகத் தொகை சொன்னால் அவர் இசைவார், மற்றவர் மறுப்பார், நடுவருக்கு ஒன்றும் கிடைக்காது. நடுநிலை நடுவருக்கு இலாபமாகும்படி அமைந்த விளையாட்டு! 1660 செப்டம்பரில் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில், தாம் அதுவரை அறியாத ஓர் ஆட்டமாக இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டில் இந்த நடுவர் குதிரைப் பந்தயத்திற்குள் நுழைகிறார். விரைந்தோடும் குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும், மெதுவான குதிரை குறைந்த எடை சுமந்தால் போதும். சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்த்து எடையைக் கூட்டுவர். எக்குதிரைக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் ‘ஹேண்டிகேப்பர்’. இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். சுமை குதிரையின் உடலில் பிறந்ததன்று, வெளியிலிருந்து ஏற்றப்படுவது. அதை ஏற்றுபவர் இன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வல்ல குதிரைக்குத்தான் மிகுதியாக ஏற்றப்படும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் மனிதர்மேல், முதலில் குழந்தைகள்மேல், ஏறியபோது இம்மூன்றும் உதிர்ந்துவிட்டன. சுமை உடலுக்குள் போயிற்று. ஏற்றியவர் மறைந்தார். ‘வலிமை மிக்கது’ என்ற குறிப்பு ‘வலிமை குன்றியவர்’ என்று தலைகீழாயிற்று. ஆகுபெயர்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு முழுமையாக ஒரு வினைமுதலை அழித்துவிட்ட பொருள்மாற்றம் வேறொன்றை எளிதில் காட்ட இயலாது.

அந்த வினைமுதலைத் தேடிப் பிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பிரிட்டனில் உடற்குறை உடையோர் தாமே நடத்திய யூப்பியாஸ் என்னும் அமைப்பு, 1976இல் வெளியிட்ட அறிக்கையில், உடற்குறை வேறு, அதன்மேல் சமூகம் ஏற்றும் தடை வேறு என்று பிரித்தது. ஈயத்தகட்டை உடலிலிருந்து கழற்றி மீண்டும் சேணத்தில் வைத்த செயல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் 1980ஆம் ஆண்டு வகைப்பாட்டிலும் ‘ஹேண்டிகேப்’ சமூகப் பின்னடைவைக் குறித்தது. 2001இல் வந்த புதிய வகைப்பாடு அச்சொல்லையே கைவிட்டது. நம் அலுவலகங்களில் அது இன்னும் ‘பி.எச்.’ என்ற ஈரெழுத்தாக உயிர்வாழ்வது தனிக்கதை.

இனி, குதிரை ஏறிய ஒருவரைப் பார்ப்போம்.

லிஸ் ஹார்ட்டல் 1921இல் டென்மார்க்கில் பிறந்தவர். இளமை முதலே குதிரையேற்றத்தில் ஈடுபாடு. 1944இல், இருபத்துமூன்று வயதில், இரண்டாம் குழந்தையைக் கருவுற்றிருந்தபோது போலியோ அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்கு முழங்காலுக்குக் கீழே செயல் திரும்பவில்லை. கைகளிலும் பாதிப்பு எஞ்சியது. 1947இல் அவர் ஸ்காண்டிநேவியப் போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றார். குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது.

அக்காலத்து ஒலிம்பிக்கில் ‘டிரெஸ்ஸாஜ்’ என்னும் நுண்நடைப் போட்டி இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. இவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு சான்று: 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுவீடன் அணி பின்னர் அப்பதக்கத்தை இழந்தது, அணியில் ஒருவர் முறையான அதிகாரி அல்லர், போட்டிக்காகத் தற்காலிகமாக உயர்த்தப்பட்ட சார்ஜன்ட் என்பதே காரணம். 1952 ஹெல்சின்கியில்தான் கதவு திறந்தது. அதன் வழியே நுழைந்த நான்கு பெண்களுள் ஹார்ட்டல் ஒருவர். ஜூபிலி என்ற குதிரைமீது அமர்ந்து, ஆண்களோடு போட்டியிட்டு, வெள்ளி வென்றார். 1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தாலும், ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் விதிகளால் குதிரைப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்தன. அங்கும் அவருக்கு வெள்ளி.

ஹெல்சின்கியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஒரு காட்சியைத் தவறாமல் தீட்டுவர்: தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஆன்றி செயின்ட் சிர் அவருக்குக் கைத்தாங்கலாக உதவிய காட்சி. நெகிழ்ச்சியானதுதான். ஆனால் அவர் எப்படி ஓட்டினார் என்பதை எழுதுவோர் குறைவு. எனக்கு முதன்மையாகப்படுவது அதுதான். இக்கலையில் கீழ்க்காலின் அழுத்தமே குதிரைக்கு இடும் முதன்மையான ஆணை. அவரால் அதைச் செய்ய முடியாது. இருக்கையில் எடையை நகர்த்தியும் முதுகின் அசைவாலும் குதிரையோடு பேசினார். மொழியியலார் கண்ணுக்கு இது ஒரு குறியமைப்பு மாற்றம்: ஓர் ஒலியன் இல்லாத வாயில் வேறோர் ஒலியன் அதன் வேலையைச் செய்ததுபோல. குதிரையும் அம்மொழியைக் கற்றுக்கொண்டது.

இன்னொரு சொல்லையும் இங்கே நிறுத்திப் பார்க்கலாம். குதிரையேற்றக் கலையில் கால், கடிவாளம், இருக்கை ஆகியவற்றால் தரும் குறிப்புகளுக்கு ஆங்கிலத்தில் ‘எய்ட்ஸ்’, அதாவது துணைகள், என்றே பெயர். நம் நாட்டில் செயற்கைக்காலும் சக்கர நாற்காலியும் வழங்கும் நடுவணரசுத் திட்டத்தின் பெயரிலும் அதே ‘எய்ட்ஸ்’ உண்டு. துணையின்றிக் குதிரை ஓட்டியவர் எவருமில்லை. அரசின் துணையைப் பெற்றவர் மட்டும் ‘துணை தேவைப்படுபவர்’ ஆகிவிடுகிறார்.

ஹார்ட்டலின் வெற்றி மருத்துவ நோக்கிலான குதிரையேற்றம் பரவத் தூண்டுகோலாயிற்று. நெதர்லாந்தில் அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. பிரிட்டனில் உடற்குறை உடையோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1969இல் உருவாயிற்று. 1996 அட்லாண்டாவில் இது பாராலிம்பிக் போட்டியாகவும் ஆனது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்வரலாற்றில் ஒரு நழுவல் உண்டு. சிகிச்சைக்காக அன்றி, பிடித்திருந்ததால்தான் ஹார்ட்டல் சிறுவயது முதல் குதிரை ஏறியவர். உடற்குறை வந்த பின் அதே செயலுக்கு நாம் இட்ட பெயர் ‘சிகிச்சை’, ‘மனவுறுதி’. உடற்குறை உடையவர் விளையாடினால் அது சிகிச்சையாக வேண்டும். தாய் விளையாடினால் அது பிள்ளைக்காகவாவது இருக்க வேண்டும். உரிமைக்குப் போராடுபவர் விளையாடினால் அது விழிப்புணர்வாகவாவது ஆக வேண்டும். மூன்றும் ஒருவரே என்றால், வெறும் மகிழ்ச்சிக்கு அவரிடம் ஒரு மணிநேரமும் மிஞ்சாது. ‘இத்தனையையும் எப்படிச் சமன் செய்கிறீர்கள்?’ என்ற கேள்வியில் குதிரையேற்றமும் ஆட்டமும் ஒரு தட்டில், பிள்ளையும் போராட்டமும் மறுதட்டில் இருக்கின்றன. தட்டுகளை இப்படிப் பிரித்தவர் யார்? மீண்டும் ஒரு ஹேண்டிகேப்பர்!

வீடியோ கேம்களின் வரலாறு இதே வினாவைக் கையடக்கமாகக் காட்டுகிறது. ஆட்டக் கன்ட்ரோலர் என்பது இரண்டு கைகளும் பத்து விரல்களும் உள்ள ஓர் உடலைக் கற்பனை செய்து வார்த்த பிளாஸ்டிக். 1989இல் நிண்டெண்டோ நிறுவனம் மார்பில் அணியும் ஒரு கருவியைத் தந்தது; முகவாயால் திசைக்கோலை நகர்த்தலாம், குழாயில் உறிஞ்சியும் ஊதியும் பொத்தான்களை இயக்கலாம். கடைகளில் கிடைக்காது, நிறுவனத்திடமே கேட்டுப் பெற வேண்டும். 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தகவமைப்புக் கன்ட்ரோலர் வேறு வழியில் சென்றது: இரு பெரிய பொத்தான்கள், பின்புறம் வரிசையாகத் துளைகள், முழங்கை, பாதம், முகவாய் என எந்த உறுப்புக்கான விசையையும் அதில் செருகலாம். ஒரு குறிப்பிட்ட உடலை அது முன்கூட்டிக் கற்பனை செய்வதில்லை. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு அணுகல் சட்டத்திலிருந்து ஆட்ட மென்பொருள்கள் 2018 இறுதிவரை விலக்குப் பெற்றிருந்தன என்பதையும் இதனருகில் வைத்துப் படிக்க வேண்டும். ‘ஆட்டம்தானே’ என்ற நினைப்பு பல்லாண்டு விலக்காகச் சட்டத்தில் நின்றது. தமிழிலும் ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்றுதானே பொருள்?

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இவ்வுரிமைப் போராட்டத்தைக் கட்டியவர்களில் பெற்றோர் முன்வரிசையினர். பெருமூளை வாதம் உடைய மகளின் தாயான மிது அலூர் 1972இல் பம்பாயில் தொடங்கிய பணி அதற்குப் பெருஞ்சான்று; அம்மகள் மாலினி சிப் பின்னர் தாமே எழுத்தாளராகவும் உரிமைச் செயற்பாட்டாளராகவும் விளங்கினார். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பின்னாலும் பெற்றோரின் உழைப்பு உண்டு. ஆகவே நம் சட்டமொழியில் ‘பெற்றோர்’ என்றால் உடற்குறை உடைய பிள்ளையைக் காப்பவர். தாமே உடற்குறை உடைய பெற்றோர், ஹார்ட்டலைப் போன்றவர், அச்சொல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு, பிள்ளையின் உடற்குறையையோ பெற்றோரில் ஒருவர் அல்லது இருவரின் உடற்குறையையோ காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்புறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையைச் செயற்படுத்தவே வந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பேசுவதோ உடற்குறை உடைய குழந்தையைப் பற்றி மட்டும். பெற்றோரின் உடற்குறை என்ற பாதி அதில் இல்லை. 10ஆம் பிரிவு இனப்பெருக்க உரிமையைத் தருகிறது. இசைவின்றி மலடாக்கும் சிகிச்சையைத் தடுக்கிறது. 24ஆம் பிரிவில் உடற்குறை உடைய பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் உதவி என்ற தொடர் வருகிறது; தந்தையர் அதில் இல்லை. ஆக, பிள்ளை பெறலாம்; பெண்ணாயின் உதவியும் பெறலாம்; ‘இவரால் வளர்க்க முடியாது’ என்று உறவினர் நீதிமன்றம் சென்றால் கைப்பிடிக்க நேரடியான ஒரு பிரிவு இச்சட்டத்தில் இல்லை. வியப்பு என்னவென்றால், 29, 30ஆம் பிரிவுகள் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் விரிவாகவே பேசுகின்றன. சாகசச் செயல்பாடுகள்கூட இடம்பெற்றுள்ளன. இச்சட்டத்தின்படி ஒரு தாய் குதிரை ஏறலாம். அவர் தாயாகவே நீடிப்பார் என்பதைத்தான் அது சொல்லாமல் விட்டது.

23ஆம் உறுப்பின் அந்தப் பாதி எந்த வரைவில் உதிர்ந்தது என்பதை, 2011இல் சுதா கவுல் குழு அளித்த வரைவையும் 2014இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதாவையும் நிறைவேறிய சட்டத்தையும் வரிவரியாக ஒப்பிட்டு ஒரு கட்டுரையாக எழுதி வருகிறேன். இவ்வரைவுகளின் இந்தி வடிவங்களை வைத்திருக்கும் சட்டத்துறை நண்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையேன். ‘பெற்றோர்’ என்பதற்கு அங்கே எச்சொல் ஆளப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும்.