மறைக்கப்பட்ட அன்னை

பகைவர் நம்மைப் புறக்கணித்தால் தாங்கிக்கொள்கிறோம். நம்மவரே நம்மை ஒதுக்கும்போதுதான் உள்ளம் உடைகிறது. அதுவும் ஆலயத்தின் நிழலிலேயே நேர்ந்துவிட்டால், இறைவனும் நம்மைக் கைவிட்டாரோ என்னும் ஐயம் எழுகின்றது. இக்காயத்தை நன்கறிந்த ஒருவரைத் திருச்சபை வரலாற்றில் சந்திக்கிறோம். அவரே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபையைத் தோற்றுவித்த புனித ஜீன் ஜூகன்.

பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கடற்கரையிலுள்ள கான்கால் என்னும் ஊரில், 1792-ஆம் ஆண்டு மீனவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கடலுக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. இளமை முதல் பிறர் வீடுகளில் பணிப்பெண்ணாக உழைத்தார். 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து முடங்கிக் கிடந்த மூதாட்டி ஒருவரைத் தம் இல்லத்திற்குக் கொணர்ந்து, தம் கட்டிலையே அவருக்கு அளித்தார். அந்த ஒரு கட்டிலிலிருந்து ஒரு துறவற சபை வளர்ந்தது. கூடையேந்தி வீடு வீடாக இரந்து முதியோரைப் பேணினார். அத்தொண்டைப் பாராட்டி, பிரெஞ்சு அக்காதெமி 1845-இல் அவருக்குப் பரிசளித்தது.

ஆயினும், சொந்த இல்லத்தில் அவர் இடமிழந்திருந்தார். 1843 டிசம்பர் 8 அன்று தோழியர் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இரு நாட்கள் முன்னர், அவர்களை வழிநடத்திய குரு லெ பாயர் அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, 23 வயதான மரி ஜாமே என்பவரைத் தலைவியாக அமர்த்தினார். 1852-இல் ஜீன் மடத்திற்குத் திருப்பியழைக்கப்பட்டார். அதன்பின் 27 ஆண்டுகள், இறக்கும்வரை, எப்பொறுப்புமின்றி மறைந்து வாழ்ந்தார். சபையை நிறுவியவர் அக்குருவே என்று நவகன்னியருக்குக் கற்பிக்கப்பட்டது. கைத்தடி ஊன்றி நடந்த 'சிலுவையின் மரியா' என்னும் முதிய சகோதரியே தங்கள் அன்னை என்பதை அவர்கள் அறியவில்லை.

அந்நாட்களில் அவருக்கு ஆறுதலளித்தது எது? பொறுமையும் வலிமையும் தீர்ந்து தனிமை வாட்டும் வேளையில் சிற்றாலயத்திற்குச் செல்லுங்கள், இயேசு அங்கே காத்திருக்கிறார் என்று அவர் இளையோருக்குச் சொல்லிவந்தார். அது தாமே நடந்து பழகிய வழி. சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறிய ஆண்டவரிடம், கைவிடப்பட்டவர் எதையும் விளக்கவேண்டியதில்லை அல்லவா?

1879 ஆகஸ்டு 29 அன்று அவர் இறந்தார். 1890-இல் உரோமை லெ பாயரைப் பொறுப்பினின்று நீக்கியது. பின்னர் உண்மை வெளிப்பட்டது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் புனிதராகவும் அறிவித்தனர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதி அவர் கண்மூடிய பின்னரே வந்தது. ஆறுதலோ அதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் அநீதி நியாயமாகிவிடவில்லை. அதைத் திருத்தும் கடமை திருச்சபைக்கு இருந்தது. அதற்கு நெடுங்காலம் தாழ்த்தியது. எனவே, புண்பட்டவரிடம் 'பொறுத்துக்கொள்' என்று கூறி நாம் கடந்துபோவது தகாது.

நம் பங்கிலும், ஒருகாலத்தில் ஓடியாடி உழைத்து, இன்று பெயர்கூட மறக்கப்பட்டு, கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் உண்டு. ஆண்டவர் அவர்களை அறிவார். வரும் ஞாயிறன்று நாமும் அவர்களருகில் சென்று அமர்வோம்.