அமெரிக்க ஓவியமும் சர்ரியலிசமும்

ஒரு நாட்டுக் கலை மற்றொரு நாட்டிற் சென்று வேரூன்றுவது புதிதன்று. சென்ற கலையின் எக்கூறு வேரூன்றிற்று, எக்கூறு உதிர்ந்தது என்பதே ஆராய்தற்குரியது. அமெரிக்க ஓவியத்தில் சர்ரியலிசம் பெற்ற இடம் இதற்குத் தக்க சான்றாகும்.

சர்ரியலிசம் பாரிஸ் நகரில் எழுந்த இயக்கம். 1924இல் ஆண்ட்ரே பிரெட்டன் என்னும் கவிஞர் அதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். உளநூலறிஞர் பிராய்டின் கருத்துகளைத் துணைக்கொண்ட அவர், அறிவின் காவலின்றி அடிமனம் பேசவேண்டும் என்றார். ஓவியர் இக்கொள்கையை இருவழியிற் கையாண்டனர். டாலி போன்றோர் கனவுக் காட்சிகளை நுணுக்கமாகத் தீட்டினர். மசோன் போன்றோர் முன்திட்டமின்றிக் கையை அதன் போக்கில் ஓடவிட்டு, விழுந்த கோடுகளில் உருவங்களைக் கண்டனர். பின்னதைத் தன்னியக்க வரைவு எனலாம்.

1931இல் ஹார்ட்போர்டு நகரிலும், 1936இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையிலும் நிகழ்ந்த கண்காட்சிகள் இவ்வியக்கத்தை அமெரிக்கர்க்கு அறிமுகப்படுத்தின. டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆயினும், பிற்கால அமெரிக்க ஓவியத்தை உருவாக்கியது மசோனின் வழியே.

1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. மறு ஆண்டில் பிரெட்டன், மசோன், மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோர் அடைக்கலம் நாடி அமெரிக்கா சேர்ந்தனர். பிரெட்டன் ஆங்கிலம் பேச முன்வரவில்லை. 1939இலேயே வந்திருந்த சிலி நாட்டவரான மாத்தா இளம் ஓவியரோடு கலந்து பழகினார். 1942இல் மதர்வெல், பொல்லாக் முதலியோர் அவரது ஓவியக்கூடத்திற் கூடித் தன்னியக்க வரைவைப் பயின்றனர். ஆர்மீனியரான ஆர்ஷில் கோர்க்கியும் மாத்தாவின் நட்பால் வண்ணத்தை நீர்க்கச் செய்து வழியவிடக் கற்றார். கோர்க்கியின் 1945ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குப் பிரெட்டனே முன்னுரை எழுதினார்.

1947இல் பொல்லாக் துணியைத் தரையில் விரித்து, சுற்றிலும் நடந்தபடியே வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் தீட்டலானார். சர்ரியலிஸ்டுகள் கோடுகளுக்குள் உருவம் தேடினர். பொல்லாக்கோ கையசைவின் தடத்தையே ஓவியமாக நிறுத்தினார். அத்தடம் தற்செயலாக விழுந்தது என்பதையும் அவர் மறுத்தார்; வண்ணத்தின் ஓட்டம் தம் கட்டுக்குள் அடங்கியதே என்றார். அடிமனத்திற்கு முழுவிடுதலை வேண்டிய பிரெட்டனின் கொள்கை இங்கே பெரிதும் மாறிவிட்டது.

பிரெட்டன் 1946இல் பாரிஸ் திரும்பினார். வாழ்வையே மாற்ற வேண்டும் என்னும் அவரது வேட்கையும், கனவுக் காட்சிகளும் நியூயார்க் ஓவியரிடம் நிலைக்கவில்லை. நிலைத்தது செய்முறை ஒன்றே. மாணவர் ஆசிரியரின் பாடத்தை ஒப்புவிக்காமல், பயிலும் முறையை மட்டும் கைக்கொண்டு புதிய பாடம் இயற்றினர். பின்னர் உலகெங்கும் பரவிய அமெரிக்க அருவ ஓவியத்தின் தோற்றுவாய்களுள் இதுவும் ஒன்றாகும்.