படுவான்கரை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை படுவான்கரை. கிழக்குக் கரை எழுவான்கரை. 'படு' என்ற வினைக்கு விழுதல், மறைதல் என்ற பொருள்கள் உண்டு. ஞாயிறு எழும் பக்கம் எழுவான், படும் பக்கம் படுவான். கன்னடத்தில் மேற்கு 'படுவண'. மலையாளத்தில் 'படிஞ்ஞாறு', அதாவது படுஞாயிறு. செர்போ-குரோவாசிய மொழியில் மேற்கைக் குறிக்கும் 'ஸாபாத்' என்ற சொல்லும் விழுதலைக் குறிக்கும் வேரிலிருந்தே பிறந்தது.

ஆரையம்பதியும் களுவாஞ்சிக்குடியும் எழுவான்கரை ஊர்கள். கொக்கட்டிச்சோலையும் வவுணதீவும் படுவான்கரையில் வயல் சூழ்ந்தவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே வாவியைக் கடக்கப் 'பாதை' என்னும் மிதவைதான் துணை. பாலம் வந்த பிறகும் கரைகளின் பெயர் மாறவில்லை. திசையையே ஊர்ப்பெயராக்கிய இந்தப் பழந்தமிழ்ச் சொற்களைப் பாடநூல்களிலும் வழங்கச் செய்வது நம் கடமை.