மிச்சிகன் அவென்யூ முக்கு

டெட்ராய்ட்டில் வயதானவர்களிடம் ‘தி கார்னர்’ என்று சொன்னால் போதும், எந்த முக்கு என்று கேட்க மாட்டார்கள். மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்புல் அவென்யூவும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் ஊரின் பேஸ்பால் அணி ஆடிய டைகர் ஸ்டேடியம் இருந்தது.

அதற்குள் நான் போனது ஒரே முறை. அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் டை வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1999 செப்டம்பர் 27, அங்கே கடைசி ஆட்டம். கூட வேலை பார்த்த பெரியவர் என்னையும் அழைத்துப் போனார். எனக்கு பேஸ்பால் தெரியாது. எட்டாவது இன்னிங்ஸில் ராபர்ட் ஃபிக் அடித்த பந்து வலப்புறக் கூரையில் பட்டு மைதானத்துக்குள்ளேயே திரும்பி விழுந்தது. அந்த ஒரே அடியில் நாலு ரன். ஆட்டம் முடிந்ததும் ஹோம் பிளேட்டைத் தோண்டியெடுத்துப் புது ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார்கள். வீடு மாறும்போது சாமி படத்தை முதலில் எடுத்துப் போவோமே, அதுபோல. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டேடியம் திறந்தது 1912 ஏப்ரல் 20. ஃபோர்டின் மாடல் டி கார் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. 1935-ல் உரிமையாளர் ஃபிராங்க் நேவின் இறந்ததும், கார் கம்பெனிகளுக்கு பாடி கட்டிக் கொடுத்துப் பணக்காரரான வால்டர் பிரிக்ஸ் கைக்கு அது முழுமையாக வந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி பெரிதாக்கியவர் அவர்தான். ஆனால் அவர் இருந்தவரை அணியில் ஒரு கறுப்பர்கூட ஆடியதில்லை. 1967 ஜூலையில் ஊரில் வெடித்த இனக் கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். அணியின் கறுப்பு ஆட்டக்காரர் வில்லி ஹார்ட்டன் ஆட்டச் சட்டையோடே தெருவுக்குப் போய், வீட்டுக்குப் போங்கள் என்று மன்றாடினார். மறுவருஷம் அதே அணி உலகத் தொடரை வென்றது.

அதற்குள் ஊர் கரையத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் போயின. வெள்ளையர்கள் வீட்டை விற்றுக்கொண்டு வெளியேறினார்கள். 1950-ல் பதினெட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் ஏழு லட்சம் சொச்சம். 2013-ல் நகரமே திவால் மனு போட்டது. ஸ்டேடியமோ 1977-லேயே ஒரு டாலருக்கு நகராட்சி வசமாகியிருந்தது. அணி போனபின் பூட்டிக் கிடந்து, 2008-09-ல் இடிபட்டது.

மிஞ்சியது ஒன்பதரை ஏக்கர் நிலமும், சென்டர் ஃபீல்டில் ஆடுகளத்துக்குள்ளேயே நின்ற 125 அடிக் கொடிக்கம்பமும்தான். 2010-ல் ஒரு தபால்காரரும் நண்பர்களும் புல்வெட்டும் மெஷின்களோடு வந்தார்கள். போலீஸ் வெளியே போகச் சொன்னது. போனார்கள், திரும்ப வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் இரண்டாம் பேஸ் பக்கம் களை பிடுங்கினேன். வேரோடு செங்கல் தூளும் வந்தது. மத்தியானத்துக்குள் யாரோ ஒரு அப்பா தன் பையனுக்கு அங்கே பந்து போட்டுக்கொண்டிருந்தார்.

2018-ல் அதே இடத்தில் பிள்ளைகளுக்கான மைதானம் எழுந்தது. பக்கத்தில் 1988 முதல் மூடிக்கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அதே வருஷம் ஃபோர்டு வாங்கிப் புதுப்பித்து, 2024-ல் திறந்தது. மக்கள்தொகைக் கணக்கும் 1957-க்குப் பிறகு முதன்முறையாக 2023-ல் ஏறியது. ஆனால் புது மைதானத்தில் போட்டது செயற்கைப் புல். வருஷக்கணக்கில் புல் வெட்டியவர்கள் அதை எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

டெட்ராய்ட் மீண்ட கதையை எழுதுகிறவர்கள் ரயில் நிலையத்தில் தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது 2010-ல், அந்தப் புல்வெட்டும் மெஷின்களோடு தொடங்கியது. அந்தப் பக்கம் போனால் முக்கில் இறங்கிப் பாருங்கள். கொடிக்கம்பம் பழைய இடத்திலேயே நிற்கிறது.